மயில் வீசிய மூன்றுகள்

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒழுகாத குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு இருவர் போட்டியிட்டார்கள். ஒன்று, தோகை நனையக் கூடாது என்று கவலைப்பட்ட மயில். மற்றொன்று, போன மழையில் வளை மூழ்கி, குட்டிகளோடு தவித்த முள்ளம்பன்றி.

"சீட்டாடித் தீர்த்துக்கொள்வோம்" என்றது மயில். "எனக்கு எப்போதும் உயர்ந்த சீட்டுகளே வரும்."

சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன சீட்டுக்கட்டு அக்காட்டுக் கீரி ஒன்றிடம் இருந்தது. அந்தக் கீரியே நடுவராகி, ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டு, போக்கர் விதியைச் சொன்னது.

"ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு ஒரு ஜோடி. ஜோடி வைத்திருப்பவர், இல்லாதவரை வெல்வார். இருவரிடமும் ஜோடி இருந்தால் பெரிய ஜோடி வெல்லும். எவரிடமும் எதுவும் சேராவிட்டால்தான் தனிச் சீட்டின் மதிப்பைப் பார்ப்பேன். வேண்டாத சீட்டுகளை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்."

முள்ளம்பன்றி காது கொடுத்துக் கேட்டது. மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தது.

மயிலின் கையில் ஏஸ், ராஜா, ராணி. கூடவே மூன்று என்ற எண்ணுள்ள சீட்டுகள் இரண்டு.

"இவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில் இந்த அற்பங்களுக்கு என்ன வேலை?" என்று மூன்றுகள் இரண்டையும் வீசியது. பதிலுக்கு ஒரு ஜாக்கியும் ஓர் ஒன்பதும் வந்தன. மயிலுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

முள்ளம்பன்றியிடம் இருந்தவை ஒரு ஜோடி இரண்டுகளும், எதோடும் சேராத மூன்று உதிரிகளும். அது உதிரிகளை மட்டும் மாற்றியது. வந்தவையும் உதிரிகளே. 

"காட்டுங்கள்" என்றது கீரி.

மயில் தன் அரச சபையை விரித்து வைத்தது. முள்ளம்பன்றி தயங்கித் தயங்கித் தன் இரண்டுகளைக் கீழே வைத்தது.

"குகை முள்ளம்பன்றிக்கு" என்றது கீரி.

"நன்றாகப் பாரும் ஐயா. என்னிடம் ராஜா இருக்கிறார்."

"இருக்கிறார். தனியாக இருக்கிறார். நீங்கள் வீசினீர்களே ஒரு ஜோடி மூன்றுகள், அவை இருந்திருந்தால் இந்த இரண்டுகள் தோற்றிருக்கும்."

மயில் தன் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கியது. பிறகு, "அந்த ராஜாவையாவது நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

"தாராளமாக" என்றது கீரி.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் குட்டிகள் உறங்கின. வெளியே மயில், ராஜாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றது. மழை விடுவதற்குள் ராஜாவின் மீசை கரைந்துவிட்டது.

நீதி: ஒன்றோடொன்று சேராத பெரியவற்றைவிட, ஒத்துச் சேர்ந்த சிறியவையே வலியவை.