விலக்கப்பட்டவனின் படகு

மடாதிபதி ஆற்றங்கரைச் சேற்றில் வழுக்கி விழுந்தபோது படகோட்டி கெர்வாஸ் சிரித்துத் தொலைத்தான். அவ்வளவுதான் குற்றம். அடுத்த ஞாயிறே அவனைத் திருச்சபையை விட்டு விலக்கியாயிற்று. அவனோடு பேசுகிறவனும், அவன் படகில் ஏறுகிறவனும் அந்த நொடியே விலக்கப்பட்டவன்தான் என்று பிரசங்க மேடையில் நின்று முழங்கினார் மடாதிபதி.

ஏழு மாதம் ஒரு குரலும் அவனைக் கூப்பிடவில்லை. ஊரார் எங்கோ தொலைவிலிருந்த பாலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் துடுப்போடு பேசினான். கஞ்சியில் உப்பு கூடிப்போனதைக்கூட அதனிடம்தான் சொன்னான்.

பனி உருகி வந்த வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் மடாதிபதிக்கும் மேலவரான ஆயர் காத்திருந்தார். ஊரே கூடி நிற்க, மடாதிபதி துறைக்கு ஓடி வந்தார்.

"ஏய், படகை எடு! சீக்கிரம்!"

கெர்வாஸ் தொப்பியைக் கழற்றினான். "என்னோடு பேசிவிட்டீர்களே, சாமி! ஊரே கேட்டதே. இனி உங்களோடும் ஒருத்தரும் பேச மாட்டார்கள்." நகர்ந்து பலகையில் இடம் விட்டான். "பரவாயில்லை, உட்காருங்கள். எனக்கும் ஆள் இல்லை. சொல்ல நிறைய இருக்கிறது."

மடாதிபதி திரும்பிப் பார்த்தார். ஊரார் ஒவ்வொருவராகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த விலக்கா?" என்று கத்தினார். "அதை நேற்றே நீக்கிவிட்டேனே! சொல்லத்தான் மறந்துவிட்டேன்!"

அவரை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கரை முழுவதும் "கெர்வாஸ்! கெர்வாஸ்!" என்று கூப்பிட்டது.

அவன் துடுப்பின் பக்கம் குனிந்தான்.

"யாரையோ கூப்பிடுகிறார்களே," என்றான். "யாரை?"