மாசானம் எந்த ஷீட்டில்?

தென்காசிப் பக்கம் ஒரு குன்றின் அடியில் இருக்கிறது அந்த ஆசிரமம். அதை நடத்தும் அம்மாவுக்கு நாற்பது வயது. காவி கட்டுவதற்கு முன் நர்ஸாக இருந்தவர். அவருடைய சீடர் நெல்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஞானம் தேடி வந்தவர். வந்த இடத்திலும் அவருக்குக் கம்ப்யூட்டர்தான் கிடைத்தது.

வருஷா வருஷம் ஆசிரமத்தில் கண் முகாம் நடக்கும். சுற்றுப்பட்டு ஜனங்களின் கண்ணைப் பார்த்து, விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசியில் எக்ஸெல் ரிப்போர்ட்டாக டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் நான்கு ஷீட். சொட்டு மருந்து போதும் என்றவர்கள் ஒன்றில், கண்ணாடி போட வேண்டியவர்கள் ஒன்றில், மறுபடி பார்க்க வேண்டியவர்கள் ஒன்றில், ஆபரேஷன் செய்ய வேண்டியவர்கள் ஒன்றில். கம்ப்யூட்டர் தானாக வைத்த பெயர் ஷீட்1, ஷீட்2, ஷீட்3, ஷீட்4.

"இப்படியே அனுப்பாதீங்க ஐயா. பேரு வச்சு அனுப்புங்க" என்றார் அம்மா.

பெயர் வைப்பது என்று வந்துவிட்டால் ஏனோதானோ என்று வைக்க நெல்லைநாயகத்துக்கு மனம் வராது. கண்ணை மூடி யோசித்தார். சொட்டு மருந்துக்காரர்களுக்குச் சரியை என்று வைத்தார். கண்ணாடிக்காரர்களுக்குக் கிரியை. மறுபடி வர வேண்டியவர்களுக்கு யோகம். இருட்டு நீங்கப் போகிறவர்களுக்கு ஞானம். சைவம் சொல்லும் நான்கு படிகளும் வரிசை பிசகாமல் அமைந்துவிட்டன. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, அன்று அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை முகாமுக்கு வந்த எல்லோரும் ஆசிரம வாசலில் கூடியிருக்க, ஆபரேஷனுக்கு ஆட்களை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி வண்டி வந்தது. டிரைவர் பெயர்களை வாசித்தார். கூப்பிட்டவர்கள் ஏறினார்கள். மாசானத்தை யாரும் கூப்பிடவில்லை.

மாசானம் ஆடு மேய்ப்பவர். ஒரு கண் போய் வருஷக்கணக்காகிறது. இன்னொன்றும் மங்கிக்கொண்டு வந்தது. மாற்று வேட்டி வைத்த பையை மடியில் போட்டுக்கொண்டு, வண்டி போன பிறகும் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி கிளார்க் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"என்னம்மா இது, வந்த ஆளுங்க எல்லாத்துக்கும் கண்ணு நல்லாத்தான இருக்கு! டாக்டர் என்னைப் போட்டு ஏசுதாரு."

"எந்த ஷீட்டப் பாத்தீங்க?"

"நாலு இருந்துச்சு. ஒண்ணும் வெளங்கல. மொதல்ல இருக்கதுதான் முக்கியம்னு அதை எடுத்துட்டேன்."

"ஆபரேஷன் ஆளுங்கள எப்ப கூட்டிட்டுப் போவீங்க?"

"நாளைக்குக் காலைல வண்டி அனுப்புதேன். அதை விட்டா டாக்டர் தையிலதான் வருவாரு. இந்தத் தடவையாவது புரியுற மாதிரி அனுப்புங்கம்மா."

அம்மா வாசலுக்கு வந்து மாசானத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கும் தவறிட்டா தை வரைக்கும் தாங்காதும்மா" என்றார் மாசானம். "முந்தாநாள் ஒரு குட்டிய மிதிச்சுட்டேன். காலுக்குக் கீழ கெடந்தது தெரியல. செத்துப்போச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்ட அம்மாவுக்குத்தான் கண் கலங்கியது.

அதற்குள் நெல்லைநாயகம் தன் பக்க நியாயத்தோடு வந்து சேர்ந்தார்.

"தப்பு கிளார்க் மேலதாம்மா. நான் பேரெல்லாம் பொருத்தமாத்தான் வச்சேன். அர்த்தம் தெரிஞ்சவன் பாத்தா உடனே புரிஞ்சிருக்கும்."

"அப்படியா" என்றார் அம்மா. மருந்து அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் நான்கு சின்னப் புட்டிகளோடு வந்தார். எல்லாம் ஒரே அளவு. லேபிள்களை மறைத்து பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தது: சரியை, கிரியை, யோகம், ஞானம்.

"மாசானத்துக்குக் கண்ணு உறுத்துதாம். மருந்து விடுங்க ஐயா."

மாசானம் தலையை அண்ணாந்து, இருக்கிற ஒரு கண்ணை அகல விரித்தார்.

நெல்லைநாயகம் ஒரு புட்டியை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"எதுல என்னம்மா இருக்கு?"

"மேல எழுதியிருக்கே."

"கண்ணு மருந்து எது?"

"ஒண்ணு கண்ணுக்கு. ஒண்ணு காதுக்கு. ஒண்ணு புண்ணு கழுவ. இன்னொண்ணு ஸ்பிரிட்டு."

நெல்லைநாயகத்தின் கை அப்படியே நின்றது.

"என்ன யோசிக்கிறீங்க? பேரெல்லாம் பொருத்தமாத்தான் வச்சிருக்கேன்."

"விளையாடாதீங்கம்மா. மாத்தி விட்டா இருக்கிற கண்ணும் போயிடும்."

"ஆமா" என்றார் அம்மா.

"என்ன சாமி, மருந்து தீந்துபோச்சா?" என்று அண்ணாந்தபடியே கேட்டார் மாசானம்.

நெல்லைநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். அம்மா சரியான புட்டியை எடுத்து மருந்து விட்டார்.

சாயங்காலமே ரிப்போர்ட் மறுபடி போனது. முதல் ஷீட்டுக்கு நெல்லைநாயகம் ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்துப் பார்த்தார். அவ்வளவு நீளம் ஆகாது என்று எக்ஸெல் மறுத்துவிட்டது. கடைசியில் ஆபரேஷன், கண்ணாடி, மறுபடி பார்க்க, சொட்டு மருந்து என்று வைத்து அனுப்பினார். கிளார்க்கிடமிருந்து போன் வரவில்லை.

காலையில் வண்டி வந்தது. டிரைவர் மாசானத்தின் பெயரைக் கூப்பிட்டார். மாசானம் பையை அணைத்துக்கொண்டு, வண்டியின் கதவைக் கையால் தடவித் தேடினார். கதவுக்கு நேர் எதிரே நெல்லைநாயகம் நின்றுகொண்டிருந்தார். கையில் ரிப்போர்ட்டின் பிரிண்ட். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வேலை நடந்துடுச்சும்மா. ஆனா மனசு ஒப்பல. ஆபரேஷன்னு ஒரு பேரு. இதுல என்னம்மா இருக்கு?"

"மாசானம் இருக்காரு" என்றார் அம்மா. "வழிய விட்டு நில்லுங்க ஐயா, அவரு ஏறட்டும்."