முள்ளி அக்காவும் ஒரே ஒரு பந்தும்

ஆம்பல் குளத்தங்கரையில் நான்கு குட்டிகள் கால்பந்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தன. சரியாகச் சொன்னால், ஒரு குட்டி ஆடியது. மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தன.

ஆடியது விசுக்கன் என்ற முயல். அந்தக் காட்டில் அவனைவிட வேகமான கால் யாருக்கும் கிடையாது. பந்து கிடைத்துவிட்டால் போதும். தானே உருட்டுவான், தானே அடிப்பான், தானே துள்ளிக் கொண்டாடுவான்.

“டேய் விசுக்கா, ஒரு தடவையாவது இந்தப் பக்கம் கொடுடா!” என்று கீரிப்பிள்ளை சுருட்டன் கத்தினான்.

“எதுக்கு? நானே போட்டுடுறேன்!” என்றான் விசுக்கன்.

ஆமைக்குட்டி கிண்ணி பந்து கேட்பதையே விட்டுவிட்டாள். கோல் காக்க வேண்டிய பன்றிக்குட்டி மொத்தையன் நின்றபடியே தூங்கினான்.

இதையெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் முள்ளி. அவள் ஒரு முள்ளம்பன்றி. அவள்தான் அவர்களுக்குப் பயிற்சியாளர். கால்பந்தை அவளைப்போல நேசித்தவர் அந்தக் காட்டில் யாருமில்லை. ஆனால் பாவம், அவள் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தது ஒரே ஒரு ரப்பர் பந்து. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போனது அது. தன்னால் ஆட முடியாத ஆட்டத்தைத் தினமும் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமா? அவள் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது அவளுக்கு ஒரு கவலை வந்திருந்தது. குளத்தங்கரைப் புல்வெளி தங்களுக்குத்தான் வேண்டும் என்று மலைக்குரங்குகள் வம்புக்கு வந்திருந்தன. “ஆடி ஜெயிப்பவர்களுக்கே இடம்!” என்று காட்டெருமைத் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பௌர்ணமியன்று ஆட்டம். தோற்றால் குட்டிகள் கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் ஆட வேண்டும். அத்தனை முள்ளுக்கு நடுவே ஒரு ரப்பர் பந்து எத்தனை நாள் தாங்கும்? அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அர்த்தம்.

“பாஸ் கொடு, பாஸ் கொடுன்னு தொண்டை வத்தக் கத்திப் பார்த்துட்டேன். இனிமே கத்துறதா இல்ல. இன்னையிலருந்து நானும் ஆடப்போறேன்!” என்றாள் முள்ளி.

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். மொத்தையனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

“ஐயோ அக்கா! பந்து வெடிச்சிடும்!” என்று அலறினான் சுருட்டன்.

“வெடிக்கும்தான்! பந்து யார்கிட்ட நிக்குதோ, நான் நேரா அவங்ககிட்ட வருவேன். நான் வர்றதுக்குள்ள அது அடுத்தவங்ககிட்டப் போயிடணும். போகலைன்னா இன்னையோட ஆட்டம் குளோஸ்!”

சொன்னதோடு நிற்கவில்லை. முட்களைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு விசுக்கனை நோக்கி ஓடினாள்.

‘இந்தக் குண்டு அக்காவால் என்னைப் பிடிக்க முடியுமா?’ என்று நினைத்த விசுக்கன் பந்தோடு பறந்தான். முள்ளி அவன் பின்னால் ஓடவில்லை. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்த்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் விசுக்கனுக்குப் பின்னால் குளம், முன்னால் முள். சலசல, சலசல. முள்ளுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல்கூட இடைவெளி இல்லை.

“விசுக்கா, இங்க!” என்று கத்தினாள் கிண்ணி.

விசுக்கன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். பந்து கிண்ணியிடம் போனது. அவன் தன் வாழ்நாளில் கொடுத்த முதல் பாஸ் அதுதான்!

“அப்பாடா!” என்று அவன் மூச்சுவிட்டான். ஆனால் முள்ளி அதற்குள் கிண்ணியை நோக்கிக் கிளம்பியிருந்தாள்.

அன்று முதல் பயிற்சி தலைகீழாக மாறிவிட்டது. பந்து ஒருவர் காலிலும் நிற்கவில்லை. முள்ளி துரத்திக்கொண்டே பாடம் சொன்னாள்.

“பந்து வந்தப்புறம் முழிக்காத! வர்றதுக்கு முன்னாடியே யாரு எங்க நிக்கிறாங்கன்னு பாத்து வெச்சுக்கோ!”

“நுனிக்கால்ல குத்தாத சுருட்டா, காலோட உள்பக்கத்தால தள்ளு! அப்பதான் நேராப் போகும்.”

“விசுக்கா, கிண்ணிக்குக் கொடுத்தா மெதுவா அவ காலுக்கே உருட்டு. சுருட்டனுக்குக் கொடுத்தா நாலடி முன்னாடி போடு, அவன் ஓடிப்போய் எடுத்துக்குவான். ஆள் பாத்துக் கொடுக்கணும்டா!”

எவ்வளவு அழகான பேச்சு பாருங்கள்! பந்து கொடுப்பது என்றால் தள்ளிவிடுவது அல்ல, வாங்குகிறவரைத் தெரிந்துவைத்திருப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குட்டிகளுக்கும் மெல்லப் புரிந்தது. கிண்ணிக்கு ஓட வராது, ஆனால் வந்த பந்தை அவள் நழுவவிடுவதே இல்லை என்பதை விசுக்கன் அப்போதுதான் கவனித்தான்.

பௌர்ணமி வந்தது. சாயங்காலம் காடே திரண்டு கரையில் உட்கார்ந்தது. நாரை நடுவராக வந்து நடுவில் நின்றது.

“முள் உள்ளவங்க யாரும் கோட்டுக்குள்ள வரக் கூடாது!” என்று முள்ளியைப் பார்த்துக் கறாராகச் சொன்னது நாரை. முள்ளி தலையாட்டிவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் விசுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. துரத்த அக்காவும் உள்ளே இல்லை. பழைய புத்தி திரும்பிவிட்டது. தனியாகவே பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான். மூன்று குரங்குகள் சேர்ந்து அவனை மடக்கிப் பந்தைப் பறித்தன. குரங்குத் தலைவன் வால்நீளன் ஒரே அடியில் கோல் போட்டான். கரையில் குரங்குகள் தலைகீழாகத் தொங்கிக் கூத்தாடின.

இடைவேளையில் விசுக்கன் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். திட்டு விழும் என்று காத்திருந்தான். முள்ளி திட்டவில்லை.

“விசுக்கா, உன்னை மடக்க மூணு பேர் வர்றாங்க. அப்ப மத்த இடத்துல யார் இருக்கா?”

விசுக்கன் யோசித்தான். “யாருமே இல்லக்கா!”

“அவ்வளவுதான் விஷயம். கிண்ணி, நீ மட்டும் விசில் ஊதினதும் கிளம்பு. நேரா எதிர்ப்பக்கப் புத்துக்குப் போ. எங்கயும் நிக்காத!”

காட்டு ஆட்டத்தில் கோல் என்பது இரண்டு புற்றுகளுக்கு நடுவில் இருக்கும் இடம். கிண்ணி அதை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பந்து வருமுன் எதிராளிகளைத் தாண்டிப் போய் நிற்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதியும் அங்கே கிடையாது, அதனால் யாரும் தடுக்கவில்லை. குரங்குகள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கல்லு ஒண்ணு நகருது!” என்று வால்நீளன் மட்டும் சிரித்தான்.

இதற்குள் விசுக்கனும் சுருட்டனும் மாற்றி மாற்றிப் பந்தைக் கொடுத்துக்கொண்டு முன்னேறினார்கள். குரங்குகள் விசுக்கன் பக்கம் பாய, விசுக்கன் நாலடி முன்னால் பந்தைத் தள்ள, சுருட்டன் பாய்ந்து கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று! மறுபுறம் மொத்தையன் தன் உடம்பையே அணையாக்கி இரண்டு அடிகளைத் தடுத்தான்.

சூரியன் மறையப்போனது. இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து விசுக்கனிடம் வந்தது. மூன்று குரங்குகளும் அவனைச் சூழ்ந்தன. சுருட்டனுக்குக் கொடுக்க வழியில்லை. கோல் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தாவு தாவினால் தானே போட்டுவிடலாம் போலிருந்தது.

அப்போது அவன் முதுகு கூசியது. காதுக்குள் சலசல என்றது. முள்ளி பாறையைவிட்டு அசையவே இல்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

விசுக்கன் நிமிர்ந்து பார்த்தான். புற்றோரமாக, பாதி ஆட்டம் முழுக்க நடந்து அப்போதுதான் போய்ச்சேர்ந்த கிண்ணி நின்றிருந்தாள். அவன் பந்தை மெதுவாக, குரங்குகளின் கால்களுக்கு நடுவே, அவள் காலுக்கே உருட்டினான். கிண்ணி நழுவவிடவில்லை. சற்றே தள்ளினாள். கோல் காத்த குரங்கு, விசுக்கனையே பார்த்துக்கொண்டிருந்ததால், பந்து உள்ளே போனதைக் கடைசியில்தான் பார்த்தது.

“கோல்!” என்று கத்தியது நாரை, நடுவர் என்பதையே மறந்து.

புல்வெளி பிழைத்தது. எல்லோரும் கிண்ணியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். விசுக்கனை மட்டும் காணோம்.

“பார், தனியாக் கொண்டாடப் போயிட்டான்!” என்றான் சுருட்டன்.

இல்லை. விசுக்கன் ஒரு பெரிய விளாங்காயை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். முள்ளிக்கு நேராக நின்றான்.

“அக்கா, இதோட ஓடு கெட்டி. எந்த முள்ளும் இறங்காது. பிடிங்க!”

காலின் உள்பக்கத்தால், மெதுவாக, அவள் காலுக்கே கொடுத்தான். முள்ளியின் கண் கலங்கிவிட்டது. முதன்முறையாக ஒரு பந்து அவள் காலில் வந்து நின்றது. அவள் அதை ஒரு தட்டு தட்டினாள். இன்னொரு தட்டு. பிறகு உருட்டிக்கொண்டு ஓடினாள், ஓடினாள், புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்!

“அக்கா, இங்க கொடுங்க!” என்று கத்தினாள் கிண்ணி.

“இரு இரு, நானே போட்டுடுறேன்!” என்றாள் முள்ளி.

விசுக்கன் சிரித்துக்கொண்டே ஒரு கத்தைச் சருகை அள்ளினான். அதைச் சலசல, சலசல என்று ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் துரத்தினான். முள்ளி திரும்பிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளாங்காயைக் கிண்ணியின் காலுக்கே உருட்டிவிட்டாள்.

கையில் கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை உரிய நேரத்தில் தோழருக்குக் கொடுப்பவரே அணியையும் வெல்லவைப்பார், தானும் மகிழ்வார்.