ஊதா நூல் ஈர்க்கு

குரு என்றதும் தாடியும் காவியும் கண்ணில் வந்து நின்றால் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கதையில் குரு கோமளவல்லி. வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரிக்கு எதிரே பழைய புத்தகக் கடை வைத்திருந்தாள். சீடர் வைகுண்டம். வயது ஐம்பத்தைந்து.

வைகுண்டம் இருபத்தெட்டு வருஷம் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டவர். படியேறி வருகிற பெண்ணின் நடையைப் பார்த்தே இவள் எந்தச் சேலையில் விழுவாள் என்று சொல்லிவிடுவார். ஒருத்தரையும் வெறுங்கையோடு படியிறங்க விட்டதில்லை. சொந்த ஊரில் ஒரு புத்தகக் கடை போடவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. தொழில் பழகக் கோமளவல்லியிடம் வந்து சேர்ந்தார்.

முதல் நாளே வாய் பழக்கத்தில் ஓடியது. உள்ளே வந்த ஒரு வாத்தியாரைப் பார்த்து, "வாங்க சார், என்ன கலர்ல பார்க்கிறீங்க?" என்றார். வாத்தியார் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் வைகுண்டம் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இன்னைக்கு முப்பது பேரு வந்தாங்க. வாங்கினது நாலு பேரு. மத்தவங்க எடுத்தாங்க, தடவிப் பார்த்தாங்க, மோந்து பார்த்தாங்க, கால் கடுக்க நின்னு படிச்சாங்க, வச்சிட்டுப் போயிட்டாங்க. போகும்போது மூஞ்சியில ஒரு தெளிவு வேற. வெறுங்கையோட போறவங்களுக்கு இங்க என்னதான் கெடைக்கு?"

கோமளவல்லி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கடை லீவு. நீங்க மட்டும் வந்து தரையைக் கூட்டி வைங்க. புத்தகத்துல கை வைக்க வேண்டாம்," என்றாள்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று வைகுண்டம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் தனியாகக் கடையைத் திறந்தார். தரையைக் கூட்டினார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. சில புத்தகங்களின் உச்சியில் கலர் கலராக நூல் துருத்திக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் கண்ணுக்கு நூல் பிசிறு தெரிந்தால் கை சும்மா இருக்குமா? சேலையில் பிசிறு நின்றால் வாங்க வந்தவர் முகம் சுளிப்பார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கை அது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். நூலோடு ஒரு தென்னை ஈர்க்கும் வந்தது. அடுத்ததை இழுத்தார். அதிலும் ஈர்க்கு. கடையைச் சுத்தம் செய்கிற சந்தோஷத்தில் மொத்தம் இருபத்துமூன்றையும் உருவி, கட்டாகக் கட்டி, துடைப்பத்தின் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த நாள் காலையில் கோமளவல்லி வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது பிசிறு இல்ல."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அங்கே நின்று படிக்கிறவர் போகும்போது மேசைமேல் இருக்கிற கலயத்திலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து, நூல் டப்பாவில் தனக்குப் பிடித்த கலரில் நூலை எடுத்துச் சுற்றி, விட்ட பக்கத்தில் செருகிவிட்டுப் போவார். ஈர்க்கு இருக்கிற புத்தகத்தைக் கோமளவல்லி யாருக்கும் விற்கமாட்டாள். வைத்தவரே வந்து எடுக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டிலிருந்து அவரவர் ஈர்க்கை எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினார்கள். டீக்கடை மாசானம் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோவ் அண்ணாச்சி! பக்கத்தைத் தேடப் போயி கடைசிப் பக்கம் கண்ணுல பட்டுட்டுய்யா. கொலைகாரன் அந்தக் கம்பவுண்டராம்! ஒரு மாசமா நான் சமையக்காரனைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வைகுண்டமும் சிரித்தார். ஆளாளுக்கு ஒரு வழியாக இடம் கிடைத்துவிட்டது. கட்டுக்குள் ஊதா நூல் சுற்றிய ஓர் ஈர்க்கு மட்டும் மிச்சம்.

பதினோரு மணிக்கு வடிவு வந்தாள். அவள் புருஷன் எதிரே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். பெரிய டாக்டர் வார்டுக்கு வருகிற நேரத்தில் கூட இருக்கிறவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த அரைமணி நேரம் அவள் இங்கே வந்து பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, சுவரைப் பார்த்து நின்று படிப்பாள்.

அன்றைக்கும் எடுத்தாள். விரலால் உச்சியைத் தடவினாள். ஒன்றுமில்லை. முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள்.

"எந்தப் பக்கம்னு சொல்லுங்கம்மா, நான் எடுத்துத் தாரேன்," என்றார் வைகுண்டம்.

"தெரியலண்ணே. நான் எங்க மனசுல வச்சேன்? ஈர்க்குல்ல வச்சிருந்துச்சு."

புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வரவில்லை. வைகுண்டம் வாசலில் நின்று பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி மதிலோரம், உச்சி வெயிலில் வடிவு உட்கார்ந்திருந்தாள். கை ரெண்டும் மடியில் கிடந்தன.

அவர் பச்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

"இதை நீங்களே வச்சுக்கோங்கம்மா. விலையெல்லாம் வேண்டாம். வார்டுலயே வச்சுப் படிங்க."

வடிவு கையை நீட்டவில்லை.

"அதை அங்க கொண்டு போகமாட்டேன் அண்ணே. மருந்து வாடை அதுலயும் ஏறிரும்."

"அப்போ கடைக்கு வாங்க."

"வந்து? எங்கேருந்து பிடிக்க?"

வைகுண்டம் திரும்பி வந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"அம்மா, நான் ஊருக்குப் போறேன். எனக்கு இந்தத் தொழில் ஒத்துவராது."

"போங்க. அந்த ஈர்க்கை வச்சிட்டுப் போங்க."

"எந்தப் பக்கத்துல வைக்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? உருவினது நீங்கதானே."

வைகுண்டம் கணக்குப் போட்டார். அவள் பதினேழு நாளாக வருகிறாள் என்று மாசானம் சொல்லியிருந்தான். அரைமணிக்குப் பன்னிரண்டு பக்கம் என்றால் இருநூற்று நாலு. அந்தப் பக்கத்தில் ஈர்க்கை வைத்துக் காட்டினார்.

கோமளவல்லி பார்த்துவிட்டு, "அளந்து கிழிக்க இது துணியா அண்ணாச்சி?" என்றாள்.

அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வடிவு இதே சுவரோரம் நின்றபோது அவள் முதுகைத்தான் பார்த்தார். கையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. என்னமோ பெரிய தமாஷ் வந்திருக்கிறது என்று அப்போது நினைத்தார். அதற்கு மறுநாள் கடை லீவு. அந்தத் தமாஷ் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதுதான் இடம்.

அதைத் தேட ஒரே வழிதான். முதல் பக்கத்தைத் திறந்தார்.

கிழட்டு யானை ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பாகன் குடும்பத்தின் கதை. போய்ச் சேர்கிற ஊரில் யானையை விற்றாக வேண்டும். அதனால் பிள்ளைகள் தினமும் ஒரு சாக்குச் சொல்லி நடையைத் தாமதிக்கிறார்கள். அன்றைக்கு வைகுண்டம் ஆறு பக்கம் படித்தார், நாலு தடவை மணி பார்த்தார். அடுத்த நாள் நாற்பது பக்கம். மூன்றாம் நாள் சின்னப்பிள்ளை காலில் முள் தைத்துவிட்டதாக நடித்தபோது, "அட திருட்டுப் பயலே," என்று வாய்விட்டே சொன்னார்.

நான்காம் நாள் ஒருவர் வந்து அவரிடம் விலை கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். கோமளவல்லியே எழுந்து வந்து விலை சொல்லி அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் யானை ஒரு சோதனைச் சாவடியில் நின்றது. ஏட்டையா பேப்பரைக் கேட்டு அதட்டினார். யானை பேசாமல் அவர் தொப்பியைத் தூக்கிச் சின்னப்பிள்ளை தலையில் வைத்தது. பிள்ளை அந்தத் தொப்பியோடு ஏட்டையாவைப் பார்த்து, "பேப்பர் எங்கடே?" என்றான்.

வைகுண்டத்துக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

பொத்திய கையை எடுத்துப் பார்த்தார். பிறகு ஊதா நூல் ஈர்க்கை அந்தப் பக்கத்தில் செருகினார்.

பதினோரு மணிக்கு ரோட்டைக் கடந்தார்.

"அம்மா, எடம் கெடைச்சிட்டு. வாங்க."

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

சுவரைப் பார்த்து நின்று, ஈர்க்கு இருந்த பக்கத்தைத் திறந்தாள். வைகுண்டம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்டாத தரையைக் கூட்டுகிற மாதிரி பக்கத்திலேயே நின்றார். ஒரு பக்கம் திரும்பியது. அவளிடமிருந்து மூக்கால் விட்டது போல ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் பக்கங்கள் திரும்புகிற சத்தம் மட்டும்.

எதிரே ஆஸ்பத்திரி மணி அடித்தது. வடிவு படித்த இடத்துக்கு ஈர்க்கை நகர்த்தி வைத்தாள்.

"இதானேம்மா அந்த எடம்?" என்றார் வைகுண்டம். "அன்னைக்கு நீங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சீங்களே."

வடிவு அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நான் சிரிக்கலண்ணே."

வைகுண்டத்தின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது.

"டாக்டரு கையை விரிச்ச நாளு அது. இந்தப் பக்கத்தையும் நான் முன்னாடியே தாண்டியிருக்கணும். கண்ணு மட்டும் தாண்டியிருக்கு போல." புத்தகத்தை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். ஊதா நூல் வெளியே தெரிகிற மாதிரி சரிசெய்தாள். "இன்னைக்குத்தான் யானையைப் பார்த்தேன். நாளைக்கு வாரேன்."

படியிறங்கி, ரோட்டைக் கடந்து, ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாள்.

வைகுண்டம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மேசை முன்னால் நின்றார்.

"தப்பான எடத்துல வச்சிட்டேன்மா."

"ம்."

"ஆனா நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"கேட்டுச்சு."

வைகுண்டம் போகவில்லை. காலை மாற்றி வைத்து நின்றார். அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"அந்த யானையை விக்காங்களா இல்லையான்னு எனக்கும் தெரிஞ்சாகணும். ஒரே புத்தகத்துல ரெண்டு ஈர்க்கு வைக்கலாமா?"

கோமளவல்லி கலயத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள். நூல் டப்பாவைத் திறந்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"என்ன கலர்ல பார்க்கிறீங்க?"