பிரதானியார் ஏறாத தூளி

யானைமேல் ஏறக் காலைத் தூக்கினார் மழவராய மகாராஜா. அவ்வளவுதான், முதுகில் அங்கி டர்ரென்று கிழிந்தது. ஊரே பார்த்தது. பார்க்காத மாதிரியும் நின்றது.

"எல்லாம் தையல்காரன் வேலை!" என்று முதலில் கத்தியவர் பிரதானி திருமலையப்பர். கத்தாமல் இருப்பாரா? துணி நெய்து கொடுத்தது அவருடைய மைத்துனர் அல்லவா! அரண்மனை தந்த பட்டு நூலில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியைக் கொசுவலை மாதிரி இடைவெளி விட்டு நெய்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, 'காற்றோட்டமான ராஜ வஸ்திரம்' என்று பெயரும் வைத்த மகானுபாவர். போன மாதமும் இதே துணி கிழிந்தது. "மூன்று வரிசை தைக்கச் சொல்லுங்கள்" என்றார் பிரதானி. மூன்று வரிசை ஊசி ஓட்டை விழுந்ததில், இந்த முறை இன்னும் தாராளமாகக் கிழிந்தது.

"தையல்காரன் செங்கோடனின் கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்றார் ராஜா. பிரதானிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

சபை விகடகவி சட்டநாதன் எழுந்தான். "பேஷாக வெட்டலாம் மகாராஜா. அவன் கைதான் குற்றம் என்று ஊருக்குக் காட்டிவிட்டு வெட்டினால் இன்னும் அழகு. அதே துணியில் ஒரு தூளி தைப்போம். செங்கோடன் தொடவே வேண்டாம். ஆள், நூல், தையல் எல்லாம் பிரதானியார் இஷ்டம்."

பிரதானி குஷியாகிவிட்டார். தன் வீட்டுத் தையல்காரரையே வரவழைத்தார். நன்றாக முறுக்கிய நூல். ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல். "யானை இழுத்தாலும் இந்தத் தையல் பிரியாது!" என்று மார்தட்டினார்.

"பிறகென்ன கவலை?" என்ற சட்டநாதன், தூளியை அகழிக்கு மேலே கட்டினான். கீழே முதலைகள் சாவகாசமாக அண்ணாந்து பார்த்தன. "ஏறி உட்காருங்கள், பிரதானியாரே."

பிரதானி இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நா... நானா?"

"தையல் உங்களுடையது. வேறு யாரை உட்காரச் சொல்வது?"

"தையல் நிற்குமய்யா! துணி நிற்காதே! இழை விலகி வழிவிட்டுவிடும். என் மைத்துனன் நெய்த லட்சணம் எனக்குத் தெரியாதா?" சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

ராஜா திரும்பினார். "உனக்கு எப்படித் தெரிந்தது, சட்டநாதா?"

"கிழிந்த அங்கியைப் பார்த்தேன், மகாராஜா. தையல் நூல் ஓரிடத்திலும் அறவில்லை. பாவம், அது கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. பிடித்துக்கொள்ளத்தான் அங்கே துணி இல்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். செங்கோடனுக்கு விரல் மிஞ்சியது. சட்டநாதனுக்கு முத்துமாலை கிடைத்தது. பிரதானிக்கும் மைத்துனருக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை. அந்த ராஜ வஸ்திரத்தை மட்டும் உடுத்திக்கொண்டு, இருவரும் குதிரையில் நகர்வலம் வர உத்தரவாயிற்று.

நல்ல காற்றோட்டமாக இருந்ததாம்.