பெஞ்சின் தலைமாட்டில்

மைதீன் மாஸ்டரிடம் எடை தூக்கப் பழகியவர்களிலேயே வயதில் மூத்தவர் தவசிமுத்து. மாஸ்டரைவிடவும் மூத்தவர். அதனால் இவர் அவரை மாஸ்டர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். பாளையங்கோட்டையில் இதை யாரும் விநோதமாக நினைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேலாக அண்ணாச்சி மாஸ்டரின் ஜிம் பக்கமே வரவில்லை. வீட்டுக் கார் ஷெட்டை ஒழித்து அங்கேயே ஒரு ஜிம் போட்டுக்கொண்டார். கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்று காக்கா எச்சம் வாங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் ரப்பர் பாய், பெஞ்சு, ஸ்டாண்டு, இரும்பு பார், வரிசையாக எடைப் பிளேட்டுகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கோபத்தில் செய்த வேலை என்றாலும் மனுஷன் சுத்தமாகத்தான் செய்திருந்தார்.

கோபம் மச்சான் மேல். அண்ணாச்சியின் மனைவி பேச்சிக்குக் கூடப்பிறந்த அண்ணன், சுடலைமணி. மாப்பிள்ளையும் மச்சானும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக எடை தூக்கியவர்கள். அந்தச் சினேகத்தில்தான் பேச்சியே இந்த வீட்டுக்கு வாழ வந்தாள்.

தூக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கனத்த பாரை நெஞ்சுவரை இறக்கி, திரும்ப மேலே தள்ள வேண்டும். பாதியில் கை ஓய்ந்தால் பார் நெஞ்சில் உட்கார்ந்துவிடும். அதற்காகத் தலைமாட்டில் ஒருவர் நிற்பார். ஆபத்தென்றால் பாரைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. போட்டியில் மட்டும் ஒரு சட்டம் உண்டு. தூக்கி முடிப்பதற்குள் அவர் கை பாரில் பட்டுவிட்டால் அந்தத் தூக்கு செல்லாது.

மாவட்டப் போட்டியில், ஐம்பது தாண்டியவர்கள் பிரிவில், அண்ணாச்சியின் தலைமாட்டில் மச்சான்தான் நின்றார். கடைசித் தூக்கு. பார் பாதி ஏறி, அப்படியே நின்றது. மச்சான் கை வைத்துவிட்டார். நடுவர்கள் செல்லாது என்றார்கள்.

"இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா தூக்கியிருப்பேன். பொறாமைல பிடிச்சிட்டான்" என்று அண்ணாச்சி மேடையிலேயே சொன்னார்.

மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் போட வேண்டிய மாலையை, பேச்சியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்து போடவைத்தார் அண்ணாச்சி. கூடப்பிறந்தவர் அடுத்த தெருவில் உயிரோடு இருக்கும்போது. பேச்சி அன்றைக்கு அழவில்லை. பந்தியில் நின்று எல்லோரையும் கவனித்தாள். இவ்வளவு வீம்பு ஆகாதுய்யா என்று எங்களில் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

போன மாசம் சுடலைமணி இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அண்ணாச்சி போயிருந்தார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. தெருப் பந்தலில் ஒரு நாற்காலியில், யாரோ அசலூர்க்காரர் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு காலையில் மாஸ்டருக்கு போன் போட்டார்.

"ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க மாஸ்டர். ஒண்ணு கேக்கணும்."

மாஸ்டர் வந்தார். அந்த ஷெட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். சுற்றிப் பார்த்தார். பெஞ்சின் தலைமாடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"இங்கன ஆள் நிக்க இடமே இல்லியே, அண்ணாச்சி."

"யாரு நிக்கப் போறா? நான் தனியாத்தான பண்ணுதேன்."

"கை ஓஞ்சிட்டா?"

"பார் முனையில லாக் மாட்ட மாட்டேன். ஒரு பக்கமாச் சரிச்சா பிளேட்டு தானா கழண்டு விழுந்துரும்."

மாஸ்டர் ரப்பர் பாயின் ஓரத்தைக் காலால் விலக்கினார். கீழே தரைக்கல் பல இடத்தில் உடைந்திருந்தது. அண்ணாச்சி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, கேளுங்க" என்றார் மாஸ்டர்.

"அன்னைக்கு மேடைல நீங்க எனக்குப் பக்கத்துலதான நின்னீங்க. அவன் கை வைக்காம இருந்திருந்தா நான் தூக்கியிருப்பேனா, மாட்டேனா?"

"இப்ப அது எதுக்கு?"

"வீட்டுல அவ எங்கிட்ட பேச மாட்டேங்கா, மாஸ்டர். சண்டை போட்டாக்கூட தேவல. சோறு வைக்கா, தண்ணி வைக்கா, போயிருதா. அவன் மேல தப்பு இருந்துச்சுன்னு நீங்க சொல்லிட்டா, அவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தையாவது சொல்லுவேன். நான் வெறும் வீம்புக்கு அப்படிச் செய்யலன்னு சொல்லுவேன்."

"தப்பு இல்லன்னு சொன்னா?"

அண்ணாச்சி குனிந்து ரப்பர் பாயை இழுத்து, உடைந்த தரைக்கல்லை மூடினார்.

மாஸ்டர் பெஞ்சையும் ஸ்டாண்டையும் பிடித்து நடு ஷெட்டுக்கு இழுத்துப் போட்டார். சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் கிடைத்தது. அங்கே தரையில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது.

"அன்னைக்கு என்ன எடையோ அத மாட்டுங்க."

அண்ணாச்சி மாட்டினார். எடை மறந்திருக்குமா அவருக்கு. மாஸ்டர் பாரின் இரண்டு முனையிலும் லாக் போட்டு இறுக்கினார்.

"தலைமாட்டுல நான் நிக்கேன். ஆனா கை வைக்க மாட்டேன். நீங்களே பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி படுத்தார். பாரை எடுத்தார். நெஞ்சுவரை இறக்கினார். தள்ளினார். பார் ஏறியது. அன்றைக்கு எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பார் மெல்ல மெல்லக் கீழே வந்தது.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பார் நெஞ்சில் உட்கார்ந்தது. சரிக்கப் பார்த்தார், லாக் விடவில்லை. மூச்சு முட்டியது.

"மச்சான், பிடி."

பாதி மூச்சில் வந்த குரல். மாஸ்டர் அந்த நிமிஷமே குனிந்து பாரைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்.

ஷெட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. மாஸ்டருக்குக் காப்பி கொண்டுவந்த பேச்சி அந்த வாசலில் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அந்த 'மச்சான்'.

"யாரக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"தெரியல பேச்சி. தானா வந்துட்டு."

"அன்னைக்கும் தானாத்தான் வந்துச்சு, அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"இதே ரெண்டு வார்த்தைதான். மைக் செட்டு போட்ட கூப்பாட்டுல எங்க ரெண்டு பேருக்குத்தான் கேட்டுச்சு. நீங்க கூப்பிட்ட பொறவுதான் அவரு கை வச்சாரு."

"நான் கூப்பிட்டனா?"

"கூப்பிட்டீங்க."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். அவரு என் கையப் பிடிச்சு நிறுத்திட்டாரு. கூப்பிட்டது தெரிஞ்சா ஊரு முன்னால அவனுக்குத்தான் கேவலம், எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போறான், எத்தன நாளைக்கு இருந்துருவான்னாரு."

அண்ணாச்சி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குப் பொறவும் நீங்க சொல்லலியே, மாஸ்டர்."

"இன்னைக்குப் பேசிருவீங்க, நாளைக்குப் பேசிருவீங்கன்னு இருந்துட்டேன். கல்யாணத்தன்னைக்காவது வாயைத் திறந்திருக்கணும். எனக்கும் அது ஆறாது."

பேச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் எங்கிட்டகூட சொல்லலியே" என்றாள். அண்ணன் போனபிறகு அந்த வீட்டுக்குள் அவள் அழுதது அப்போதுதான்.

அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை, தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"அவன் போட வேண்டிய மாலைய இன்னொருத்தனப் போட வச்சிட்டேனே, பேச்சி. பந்தல்ல வந்து ஒக்காந்தேன், உள்ள போயி அவன் மொகத்தக்கூடப் பாக்கலியே."

பேச்சி உள்ளே போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அண்ணாச்சி மாஸ்டரிடம் சொன்னார்: "இந்த இரும்பையெல்லாம் உங்க ஜிம்முக்கே எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இனி இது வேண்டாம்."

மாஸ்டர் காப்பியை எடுத்துக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினார்.

"இரும்பு அது பாட்டுக்குக் கெடக்கட்டும், அண்ணாச்சி. பெஞ்ச மட்டும் திரும்பவும் சுவரோட ஒட்டிப் போட்டுறாதீங்க."