பத்தாயிரத்து ஏழு எறும்புகள்

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தபோது, எறும்புகள் படைபோல அணிவகுத்துத்தான் நடக்கும். ஒவ்வொரு வரிசையிலும் தலைகள் சமமாக இருக்க வேண்டும். ஒரு வரிசையில் ஆள் குறைந்தாலும் புற்றுக்கே ஆகாது என்று நம்பின.

ஆற்றோரப் புற்று ஒன்றில் பத்தாயிரத்து எட்டு எறும்புகள் இருந்தன. எட்டெட்டாக நடந்தால் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். தலைவி செம்மிக்கு அதில் தனிப் பெருமை.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆற்றுத் தண்ணீர் அடிவாசலில் புகுந்து, அங்கே காவல் நின்றவளை அடித்துக்கொண்டு போனது. மேட்டுப்பாறைக்கு ஏறினால்தான் இனிப் பிழைப்பு. செம்மி எல்லோரையும் வெளியே கூட்டினாள். கணக்குப் பார்க்கும் நுண்ணி வரிசை பிரித்தாள்.

எட்டெட்டாக நிறுத்தினாள், ஏழு பேர் மிஞ்சினார்கள். மும்மூன்றாக நிறுத்தினால் இருவர். ஏழேழாகவும் சரிவரவில்லை, பதின்மூன்றாகவும் சரிவரவில்லை. தண்ணீர் புற்றின் பாதியைக் கரைத்துவிட்டது.

நுண்ணி செம்மியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இது எதற்கும் பிரியாத எண். ஏழு பேரை விட்டுவிட்டால் பத்தாயிரம். வரிசைக்கு நூறு பேராக நூறு வரிசை. அதைவிட அழகான எண் கிடையாது."

யார் அந்த ஏழு பேர் என்று செம்மி கேட்கவில்லை. கால் ஒடிந்தவர்கள் சரியாக ஏழு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களில் கட்டைக்காலி என்பவள் நுண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் இருந்துகொள்கிறோம். நீங்கள் கிளம்புங்கள்" என்றாள், வெயில் காயப் போகிறவளைப்போல.

செம்மி நுண்ணியின் பக்கம் திரும்பினாள். "நுண்ணி, இந்த எண்ணை மிச்சமில்லாமல் நிறுத்த வழியே இல்லையா?"

"இரண்டே வழி. எல்லோரும் ஒரே வரிசையாகத் தோளோடு தோள் நிற்கலாம். அதற்கு இந்தச் சரிவில் இடமில்லை."

"இன்னொன்று?"

"ஒருவர் பின் ஒருவர். ஆனால் பக்கத்தில் துணையில்லாமல் யார் அக்கா நடப்பார்கள்? வழி தவறிவிடுமே."

"முன்னே போகிறவள் தன் வாசனையைத் தரையில் விட்டுப் போகட்டும். பின்னால் வருகிறவளுக்கு அதுதான் துணை" என்றாள் செம்மி. "கட்டைக்காலி, நீங்கள் ஏழு பேரும் முதலில் ஏறுங்கள். உங்கள் நடைதான் எங்கள் நடை."

இழைபோல ஊர்ந்து ஏறினார்கள். செம்மி மட்டும் எதிர்த்திசையில் இறங்கினாள். ஒவ்வொருத்தியின் முகத்தையும் தன் உணர்கொம்பால் தொட்டு, "இருக்கிறாயா?" என்று கேட்டாள். "இருக்கிறேன்" என்று ஒவ்வொருத்தியும் தொட்டுச் சொன்னாள். கடைசி ஆள்வரை தொட்ட பிறகே அவள் திரும்பினாள். கடைசியாக ஏறியவளும் அவளே. தண்ணீர் அவள் பின்னங்காலை நனைத்ததோடு நின்றது.

பாறைமேல் இடம் தாராளமாக இருந்தும், மறுபடி அணிவகுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த மழைநாள் தொட்டுத்தான் எறும்புகள் சாரையாகப் போகின்றன. எதிரே வருகிறவளை முகம் தொட்டு விசாரிக்காமல் ஓர் எறும்பும் கடந்துபோவதில்லை.